முகாம் அதிகாரிக்கு ஒரு விசிட் விசா

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவில் ஒரு கிழவர்மேல் வழக்கு நடந்தது. ஐம்பது வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் செய்ததாகச் சொல்லப்பட்ட கொடுமைகளுக்காக. அதே நகரில், மல்வேர்னில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்தச் செய்தியை அண்ணி நின்றபடியே பார்த்தார். கையில் அவர் வேலைசெய்யும் டோனற் கடைத் தொப்பி. பஸ் போகப்போகுது என்று நான் கத்தினேன். அவர் அசையவில்லை.

"அம்பது வருசத்துக்குப் பிறகும் பிடிக்கிறாங்களாம், தம்பி. எங்கட விசயம் ஆறு வருசம்தானே?"

எங்கட விசயம் என்றால் என் அண்ணன். ஊரில் பாண் வாங்கப் போனவரை இராணுவ முகாம் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். பேக்கரிக்காரர் கண்ணால் கண்டவர். அண்ணி ஏழு தடவை அந்த முகாமுக்குப் போனார். ஏழு தடவையும் ஒரே அதிகாரி கதிரை போட்டு இருத்தி, உடைந்த தமிழில், "நாளைக்கு வாங்க" என்று அனுப்பினார்.

அண்ணியின் கரைச்சல் தாங்காமல், இலவசச் சட்ட உதவி நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு வெள்ளைக்கார வழக்கறிஞர். நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து எல்லாம் கேட்டார். வெளிநாட்டில் செய்த குற்றத்துக்கும் இங்கே வழக்குப் போடச் சட்டம் இருக்கிறது, ஆனால் குற்றம் செய்தவர் கனடாவுக்குள் இருக்க வேண்டும் என்றார். ஏலாது என்பதை நாகரிகமாகச் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அண்ணி அப்படி எடுக்கவில்லை. "அவ்வளவுதானே? அப்ப கூப்பிடுவம்."

"ஆரை?"

"அந்தாளைத்தான். ஐஞ்சாம் தரம் போகேக்க, வெளிநாட்டில ஆரும் இருக்கினமோ எண்டு கேட்டது. கனடாவில எண்டன். தனக்கு ஸ்னோ பாக்க ஆசையாம். கூப்பிட்டா வரும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பத்திக்கொண்டும் வந்தது. ஆனால் கனடாவுக்கு ஆள் கூப்பிடுவதில் எங்கள் சனத்தை வெல்ல ஆர் இருக்கினம்? சட்டம் எங்களுக்குத் தெரியாது. விசா விண்ணப்பப் பொம் நிரப்பத் தெரியும்.

பக்கத்துத் தெருப் பேஸ்மென்டில் டைப்ரைட்டரோடு, எல்லாரும் அண்ணை என்று கூப்பிடும் ஒருவர் இருந்தார். பாதி மல்வேர்ன் அவர் தட்டிய பொம்மில் வந்ததுதான். பாவி மனிதர் விபரம் எதுவும் கேட்கமாட்டார். கேட்டால் பொய் எழுதக் கை கூசுமாம்.

"வாறவற்ற பேர்?"

அண்ணி சொன்னார். சிங்களப் பெயர். அண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உறவு? சரி, கசின் எண்டு போட்டிட்டன். என்னத்துக்கு வாறார்?"

"வழக்குக்கு."

"உப்பிடி எழுதினா விசா குடுப்பாங்களே, பிள்ளை? நயாகரா பாக்க. எவ்வளவு காலம் நிப்பார்?"

"சீவியத்துக்கும்."

"விசிட்டருக்கு ஆறு மாதம்தான். எங்க தங்குவார்?"

"எங்கட வீட்டிலதான்," என்ற அண்ணி என் பக்கம் திரும்பினார். "உங்கட அறையைக் குடுப்பம், தம்பி. நீங்க ஹோலில படுங்கோ."

எனக்கு வந்த கோபத்துக்கு மேசையில் அடித்தேன். "அண்ணாவைக் கொண்டுபோனவனுக்கு என்ர கட்டிலோ? சோறும் குழைச்சுக் குடுப்பியளோ?"

டைப்ரைட்டர் நின்றது. அண்ணை முதல்முறையாக எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"ஆர் பிள்ளை உந்தாள்? உங்களுக்கு உண்மையா என்ன உறவு?"

"என்ர மனுசனைக் கடைசியாக் கண்ட ஆள்," என்றார் அண்ணி. "தண்டனை குடுக்காட்டிலும் பரவாயில்லை, அண்ணை. கோர்ட்டில சத்தியம் பண்ணவிட்டுக் கேப்பினம்தானே, அவரை என்ன செய்தனீ எண்டு? அங்க நிண்டு நாளைக்கு வா எண்டு சொல்லேலாது."

அண்ணை பிழை அழிக்கும் வெள்ளை மைப் போத்தலைத் திறந்து, 'கசின்' மேல் பூசி, காயும்வரை ஊதினார். பிறகு என்னைக் கேட்டார்: "தம்பி, உறவு எண்டு பிள்ளை சொன்னதை இங்கிலீசில சொல்லும்."

வழக்கறிஞருக்கு முன்னால் சளசளவென்று மொழிபெயர்த்தவன் நான். அந்த ஒரு வசனத்துக்கு அழுதுவிட்டேன். உறவுக்கான கட்டம் சின்னது. எழுத்து கோட்டைத் தாண்டி ஓரம்வரை போயிற்று. அண்ணை நிறுத்தாமல் தட்டினார். வழக்கமாக வாங்கும் கூலியும் வாங்கவில்லை.

தபாலில் போட்டுவிட்டு வந்த கையோடு அண்ணி என் கட்டிலுக்குத் தோய்த்த விரிப்புப் போட்டார். பதில் வரவில்லை. அந்தாளும் வரவில்லை. அறையைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வின்ரர் குளிருக்கும் நான் ஹோலில் படுத்தேன். அண்ணி சனிக்கிழமைதோறும் அந்த விரிப்பை மாற்றினார்.