திருப்பிப் போட்ட பிளாஸ்மாவும் அதிராம்பட்டினம் பஸ்ஸும்

தை மாதக் கடைசி வியாழக்கிழமை. விடுப்பில் தஞ்சாவூரில், மாமியார் வீட்டில் இருந்தேன். மறுநாள் மாலைக்குள் கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்ப வேண்டும். காலை ஆறு மணிக்கு ஷமீமாவின் செய்தி: "அக்கா, ரெண்டு கணக்குலயும் சுவர் ஒரே தூரத்துலதான் இருக்கா?" காபியை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

ஷமீமா என் ஆய்வுக்கூடத் தோழி. பிரசவத்துக்குப் போனவள், கைக்குழந்தையோடு அதிராம்பட்டினத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாள். நாங்கள் செய்வது அணுக்கருப் பிணைவு உலைக்கான கணினிக் கணக்கு. கடும் சூட்டில் இருக்கும் பிளாஸ்மாவைக் காந்தப்புலம் பிடித்து நிறுத்தும். ஆனாலும் அதன் ஓரம் கொந்தளித்துக்கொண்டே இருக்கும். திட்டுத்திட்டாகப் பிய்ந்து சுவரில் மோதும், சுவர் அரிபடும். பிளாஸ்மாவின் குறுக்குவெட்டு வழக்கமாக ஆங்கில 'டி' எழுத்துபோல இருக்கும். இரண்டு வடிவத்துக்கும் கணக்குப் போட்டு, அதை இடவலமாகத் திருப்பினால் ஓரம் அடங்கும், பிளாஸ்மா சுவரைத் தொடாது என்று கட்டுரையில் எழுதியிருந்தேன்.

பழைய கோப்புகள் அவளுடைய ஹார்ட் டிஸ்கில் இருந்தன; நெட்டில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரியவை. 7.10க்குப் பட்டுக்கோட்டை பஸ் ஏறினேன். டிக்கெட் 38 ரூபாய். ஒரத்தநாடு தாண்டியதும் பஸ் ஊர்ந்தது. மூன்றாவது முறை எழுந்து எட்டிப் பார்த்தேன்.

"அறுப்பு மெஷின் போகுதும்மா. உக்காருங்க, நீங்க எந்திரிச்சா அது ஒதுங்கிடுமா?" என்றார் கண்டக்டர்.

பட்டுக்கோட்டையிலிருந்து டவுன் பஸ், 12 கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணமில்லை. போய்ச் சேர 9.50 ஆனது. ஷமீமாவின் உம்மா, "முதல்ல பசியாறுங்க" என்று இடியாப்பம் வைத்தார். நான் லேப்டாப்பைத் திறந்துகொண்டே சாப்பிட்டேன்.

அவள் சந்தேகம் சரி. திருப்பிப் போட்ட வடிவத்துக்கு மட்டும் சுவரை இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்திருந்தேன். தூரத்தைச் சமமாக்கி, சிறிய கணக்கு ஒன்றை ஓட்டிவிட்டுக் காத்திருந்தோம். நான் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு முடிவு வந்தது. கொந்தளிப்பு குறைந்திருந்தது. சுவரில் மோதுவதும் குறைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை.

"கட்டுரையில உன் பேரை ஆசிரியரா போடல, கடைசியில நன்றிப் பகுதியிலதான் போட்டிருக்கேன்" என்றேன், திரையைப் பார்த்தபடி.

"தெரியும்க்கா. லீவுல இருக்கேன்ல, அதனாலன்னு நெனச்சேன்."

ஆரம்பக் கணக்கெல்லாம் அவள் போட்டது.

அதிராம்பட்டினம் போகிறவர்களுக்கு: தஞ்சாவூரிலிருந்து மொத்தம் 60 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அறுவடைக் காலத்தில் அரை மணி கூடவே வையுங்கள். அவசரத்தோடு போகாதீர்கள், கடற்கரை ஊருக்குப் போயும் நான் கடலைக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கட்டுரை போனது. 'தொடாது' என்பதை 'குறைவாகத் தொடுகிறது' என்று மாற்றினேன். ஆசிரியர்கள் வரிசையில் ஷமீமாவை முதலில் போட்டேன். போனில் அவளிடம் சொன்னேன்.

"என் பேரு ஸ்பெல்லிங் சரியாப் போட்டீங்களாக்கா?" என்றாள்.