மீன்கள் ஒதுங்கிய ஊற்று

ஹட்டனில் எங்கள் வீட்டு மீன் தொட்டிக்கு இன்று காலை மகள் குழாய்த் தண்ணீர் மாற்றினாள். அப்போதிலிருந்து மீன்களெல்லாம் ஒரே மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கின்றன. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ராகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், எனக்கு ஒன்பது வயதில், அம்மாவோடு ஓடைக்குத் தண்ணீர் அள்ளப் போனேன். ஓடை தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் மீன்கள் அதை விட்டுக் கரையோர ஊற்றின் வாயில் நெருக்கியடித்து நின்றன.

அம்மா குடத்தைக் கவிழ்த்தாள். "மேல களைக்கு அடிக்கிற புல்லு மருந்து கலந்திருக்கு புள்ள. நமக்குத் தெரியாட்டியும் மீனுக்கு வாடை தெரியும். லயத்து வீடுகளுக்கு ஓடு, யாரும் குடிக்க வேணாம்னு சொல்லு!"

மூச்சிரைக்க ஓடினேன். பக்கத்து வீட்டு அக்கா கைக்குழந்தைக்கு ஓடைத் தண்ணீர் புகட்டப் போனார். டம்ளரைத் தட்டிவிட்டேன். கன்னத்தில் அறைந்தார். விஷயம் கேட்டதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"புதுத் தண்ணிம்மா, பழகிரும்" என்கிறாள் மகள். குழாயைத் திறந்து முகர்ந்து பார்க்கிறேன். என் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.