லீவுக்குக் காத்திருக்கும் கீல்

தூத்துக்குடியில் ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவளுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. இரண்டாவது எதிரி, வெளிநாட்டில் இருந்துகொண்டே வீட்டை ரிப்பேர் செய்யும் ஆண்கள். என் வீட்டுக்காரரும் அந்தக் கட்சிதான். அவருக்குக் கப்பலில் இன்ஜின் வேலை. மாமனார் ஆரம்பித்த கடை என் தலையில். உங்கள் வீட்டிலும் ஒருவர் துபாய், தோஹா, நடுக்கடல் என்று எங்காவது இருந்தால் இதைப் படித்துவிட்டு வெளியே சொல்லாதீர்கள்; நமக்குள் இருக்கட்டும்.

சத்தம் கேட்டு வாங்கிய சுத்தியல்

காயல்பட்டினத்திலிருந்து ஒரு ராத்தா, அந்த ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், வந்தார். கையில் போன். போனுக்குள் சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கும் அவர் கணவர். கண்ணாடி மாட்ட ஆணி அடிக்க வேண்டும், அதற்கு ஒரு சுத்தியல். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, போனிலிருந்து உத்தரவு வந்துகொண்டே இருந்தது. சுத்தியல் தலையை ஆட்டிப் பார்க்க வேண்டுமாம். பிடியில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் காட்ட வேண்டுமாம். மேஜையில் தட்டிச் சத்தம் கேட்க வேண்டுமாம். தட்டினேன். கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது, கொத்தனார் தூக்குகிற கனத்தில் ஒன்று.

ராத்தா அதைத் தூக்கினார், மணிக்கட்டு சாய்ந்தது. சின்ன ஆணிக்கு இலேசான சுத்தியல் போதும், கை நோகாமல் ஓங்க வரவேண்டும். சொல்வதா வேண்டாமா என்று நான் முழிக்கும்போதே அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிறியதை எடுத்துக்கொண்டார். "பெருச அவங்க வந்து வாங்கட்டும்மா. இப்ப அடிக்கப் போறது என் கைதாம்மா."

வேலை இல்லாத லீவு

குவைத்திலிருந்து லீவில் வந்த ஒருவர், ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரர், திருப்புளி செட், குறடு, ஸ்பேனர் என்று அள்ளினார். ஸ்குரூவின் பள்ளத்தில் திருப்புளி முனை சரியாக உட்காராவிட்டால் தலை மழுங்கிவிடும் என்று எனக்கே பாடம் எடுத்தார். எத்தனை மாதம் இந்த நாளை மனதில் ஓட்டிப் பார்த்தாரோ, முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. நானும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டினேன்.

அடுத்த வாரமே திரும்பி வந்தார். பை பிரிக்கவே இல்லை. ஒழுகின குழாய்க்கு மனைவியே வாசர் மாற்றிவிட்டாராம். வாசல் கேட்டின் கொண்டித் தாழ்ப்பாளையும் அவரே சரி செய்துவிட்டாராம். கெட்டிக்காரப் பெண்டாட்டி என்று ஊரே மெச்சுகிறது. இவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. விற்ற சாமான் திரும்ப எடுக்க மாட்டோம் என்று என் தலைக்கு மேலேயே போர்டு தொங்குகிறது. அதைப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன். "வீட்டுல ஒரு ஸ்குரூகூட லூசா இல்லக்கா. நான் எதுக்கு வந்தேன்னே தெரியல."

ஊருக்குத்தான் உபதேசம்

அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்தது. எங்கள் வீட்டு அடுப்படியின் கொல்லைப்புறக் கதவில் மேலே உள்ள கீல் துருப்பிடித்து ஸ்குரூக்கள் ஆடத் தொடங்கியபோது, நான் அதைத் தொடவில்லை. கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் கொண்டி விழும். அப்படியே இருக்கட்டும், என் வீட்டுக்காரர் அடுத்த மாதம் வருகிறார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, திருப்புளியும் கையுமாக வீட்டைச் சுற்றி வந்து, "வேற என்ன ரிப்பேர் இருக்கு?" என்று அவர் அதட்டுவார். அந்தக் குரலை வீட்டுக்குள் கேட்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஏக்கம்.

கடையில் வேலை பார்க்கும் செல்வராஜ் அண்ணன், கடைச் சாவி கொடுக்க வந்த இடத்தில் இதைப் பார்த்துவிட்டார். இப்பவே மாட்டித் தாரேன் என்று கிளம்பினார். வேண்டவே வேண்டாம் என்று குறுக்கே நின்றேன். காரணம் அவருக்குப் புரிந்ததோ என்னவோ, சிரித்தார். "கடை நிறைய சாமான வச்சுக்கிட்டு, கதவத் தூக்கிச் சாத்துத ஒரே ஆளு நீங்கதாம்மா."

பிரேசிலிலிருந்து ஒரு கை

சொன்ன மாதத்தில் என் வீட்டுக்காரர் வரவில்லை. அவருக்குப் பதில் கப்பலில் ஏற வேண்டிய ஆள் வந்து சேராததால் ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்கள். கதவுக்கு அதெல்லாம் தெரியுமா? ஐப்பசி மழையில் ஊறிப் பருத்து, தூக்கினாலும் சாத்த வரவில்லை. அடுப்படி முழுக்கத் தண்ணீர். பிரேசில் துறைமுகத்திலிருந்து வீடியோ காலில் வந்தவர், "திருப்புளிய எடு, நான் சொல்லுதேன்" என்றார்.

போனை அரிசி டிரம்மில் சாய்த்து வைத்தேன். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று கேட்டேன். நாள் முழுக்க ஊருக்கே சொல்லிக்கொடுக்கிற நான்தான் கேட்டேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அந்தக் கையைப் பார்ப்பதற்காகவே இன்னொரு தடவை கேட்டேன். நீள ஸ்குரூ போடச் சொன்னார். துளை அகன்றுபோன மரத்தில் அது எங்கே பிடிக்கும்? அவர் யாரிடமோ பேசத் திரும்பிய நேரத்தில், தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் திணித்து, மேலே ஸ்குரூவை முறுக்கினேன். கல்லுப்போல நின்றது. ஊறிய ஓரத்தை இழைத்துவிட்டதும் கதவு சாத்த வந்தது. எனக்கு அழுகை வந்தது. அவருக்கோ ஒரே பெருமை. "பாத்தியா ஜெபா, நான் இருந்தா பத்து நிமிசத்துல முடிஞ்சிருதுல்லா!"

கதவு இப்போது தங்கமாகச் சாத்த வருகிறது. அடுத்த லீவுக்கு வேறு எதைக் கழற்றி வைக்கலாம் என்று திருப்புளியோடு வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன்.