பலகைக்குப் பின்னால் அறுபது சதுர அடி

தாராவியில் நாலா ஓரத்து வரிசையில் எந்த இடமும் நேராக இருக்காது. நாலா என்றால் பெரிய சாக்கடை. அது வளைந்து போகிறது, அதை ஒட்டிக் கட்டின சுவரும் வளைந்து போகிறது. எங்கள் காலாவும், அதாவது பட்டறையும், அப்படித்தான். சந்துப் பக்கம் எட்டடி அகலம், பின்பக்கம் பதினாலடி. நீளம் இருபது. இடது சுவர் நேர், வலது சுவர் நாலாவோடு சாய்ந்து ஓடும். அதில்தான் நானும் என் வீட்டுக்காரரும் தோல் பை தைக்கிறோம். மேலே பரணில் படுக்கிறோம். வேறு இடம் எங்களுக்கு இல்லை.

சில வருஷங்களுக்கு முன்னால், நாலா ஓரத்தில் யார் இடம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று முனிசிபாலிட்டி பார்க்கப் போகிறது என்று பேச்சு கிளம்பியது. வீட்டுக்காரர் ஒரே நாளில் ப்ளைவுட் வாங்கி வந்து, முன் மூலையிலிருந்து பின்சுவர் வரை நேராக அடித்துவிட்டார். சாய்ந்த சுவர் மறைந்தது. பலகைக்குப் பின்னால் ஒரு முக்கோணம் இருட்டில் கிடந்தது. அதில் வெட்டுத் துண்டுகளைப் போட்டு வைத்தோம். எங்கள் வரிசையில் எல்லோரும் இதையே செய்தார்கள். வந்தவர்கள் பலகையைச் சுவர் என்று எண்ணிவிட்டுப் போனார்கள்.

அது எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. நம் இடத்தை நாமே ஒளித்து வைப்பதா?

பிறகு இந்த சர்வே வந்தது. எல்லாவற்றையும் இடித்துக் கட்டப் போகிறார்களாம். இன்று எழுதுகிற சதுர அடியை வைத்துத்தான் நாளைக்கு இடம் என்று சந்தில் எல்லோரும் சொன்னார்கள். எங்களுக்கு அளக்க வந்தவள் ஒரு இளம் பெண். கையில் டேப்லெட், சுவரில் சிவப்புப் புள்ளி விழுகிற அளவுக் கருவி. வாசலில் நின்று ஹிந்தியில் ஆரம்பித்தாள். நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். தன் வீடு பக்கத்தில், மாட்டுங்காவில் என்றாள்.

முன்னால் எட்டு. பின்னால், பலகை வரைக்கும், அதே எட்டு. நீளம் இருபது.

"நூத்தி அறுபது, மாமி. சிம்பிள் ரெக்டாங்கிள்" என்றாள்.

வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அவருக்கு அது போதும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமி என்றதும் ஒரு காரணம், பொய் சொல்வானேன்.

"நான் மாமி இல்ல, அக்கான்னு கூப்பிடு. அது நூத்தி அறுபது கிடையாது. எறநூத்தி இருவது."

"ஏட்டி, சும்மா கெட" என்றார் அவர், தையல் மெஷினைப் பார்த்தபடி.

நான் சும்மா இருக்கவில்லை. தோலைச் சதுர அடிக் கணக்கில் வாங்கி வெட்டுகிறவளுக்கு இந்தக் கணக்கு கையிலேயே இருக்கும். பையின் முன்பக்கத் துண்டு எங்கள் இடம் மாதிரியே மேலே குறுகல், கீழே அகலம். அதற்கான அட்டை அச்சு இரண்டை எடுத்து மேஜையில் வைத்தேன். ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக. உல்டா சீதா என்று சொல்வோம். அப்படி வைத்தால் சாய்வோடு சாய்வு ஒட்டிக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து செவ்வகமாகிவிடும். தோலும் வீணாகாது.

"இந்தா பாரு. எட்டும் பதினாலும் இருவத்திரெண்டு. நீளம் இருவது. நானூத்தி நாப்பது. ரெண்டு துண்டுக்கு அவ்ளோன்னா ஒரு துண்டுக்குப் பாதி."

அவள் சிரித்தாள். ட்ரபீசியம், ஸ்கூலில் படித்தது என்றாள். கணக்கு சரி என்றும் சொன்னாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். பலகையை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினாள். டொக் டொக் என்று, பின்னால் காலி என்று சொல்கிற மாதிரி கேட்டது.

"அப்போ மீதி அறுபது எங்க இருக்கு, அக்கா?"

வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். என் கண் பலகைக்குப் போனது. அடிப்பக்கம் ஆறடி, உயரம் இருபதடி, பெருக்கினதில் பாதி. முக்கோணத்தின் கணக்கும் எனக்குத் தெரியும்.

"இதைத் திறந்து காட்டறேளா?"

திறந்தோம். ஈர நாற்றம் வந்தது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் அளந்தாள். டேப்லெட்டில் நூற்றி அறுபதைத் தனியாகவும் அறுபதைத் தனியாகவும் போட்டாள். முன் கதவில் நீலத்தில் ஒரு எண். உள்ளே, சாய்ந்த சுவரில், சிவப்பில் ஒரு எண். ஏன் சிவப்பு என்று கேட்டேன். நாலா வேறே டிபார்ட்மென்ட், அதை அவா பாத்துப்பா என்றாள். சண்டை போடுகிற குரல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த கதவில் அவள் அளக்கவே இல்லை. நேராக உள்ளே போய்ப் பலகையைத் தட்டினாள். அதற்கடுத்த கதவிலும் அப்படியே. அன்று எங்கள் வரிசை முழுக்க டொக் டொக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்துக் காலாக்காரி அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்ப்பதில்லை. தண்ணீர் பிடிக்கும்போது குடத்தை நகர்த்தி வைத்துக்கொள்கிறாள்.

போன வாரம் 'அவா' வந்துவிட்டார்கள். இரண்டு ஆண்கள். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சந்துப் பக்கத்திலிருந்தும் அளக்கவில்லை. சாய்ந்த சுவரில் டேப்பின் நுனியை வைத்து, அங்கிருந்து உள்ளே இழுத்தார்கள். முன்பக்கம் ஐந்தடி, பின்பக்கம் ஐந்தடி. இரண்டு புள்ளியையும் சேர்த்துத் தரையில் சிவப்புக் கோடு போட்டார்கள். நாலாவுக்கும் கோட்டுக்கும் நடுவில் இருப்பது இடிபடும், அதுதான் அர்த்தம். அந்தக் கோடு பலகை இருந்த இடத்தைத் தாண்டி, வெட்டுகிற மேஜைக்கு அடியில் புகுந்து, மெஷினின் கால்களுக்கு நடுவே போகிறது. சாய்வாகத்தான் போகிறது, நாலா மாதிரியே.

வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"இப்ப எவ்ளோட்டி மிச்சம்?" என்றார்.

முன்னால் மூன்றடி, பின்னால் ஒன்பது. கூட்டினால் பன்னிரண்டு. இருபதால் பெருக்கிப் பாதியாக்கினால் நூற்றிருபது. வாயை மூடியிருந்தால் நூற்றி அறுபது. முன்னால் மிஞ்சுகிற மூன்றடியில் கதவைத் தவிர வேறொன்றும் நிற்காது.

தெரியலை என்று சொல்லிவிட்டேன்.