கல்யாண ஊர்வலத்துக்கு அடித்த வார்னிஷ்

கீரனூரில் உண்ணாமலை தீட்டும் கொலு பொம்மைகள் கட்டைவிரல் உயரம்தான். அவளைப் பெரிய கலைஞர் என்பது மிகை. ஆனால் அந்த உயரத்துப் பெண்ணுக்கு மூக்குத்தி வைத்து, அது மூக்குத்தியாகவே தெரியும்படி செய்ய அவளால் முடியும். பதினொரு வருஷமாக நவராத்திரிக்கு நவராத்திரி அவை திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தன. கொண்டுபோனவள் அடுத்த தெரு அருணா.

வேலையை இருவரும் பிரித்துக்கொண்டதற்குக் காரணம் உண்ணாமலையின் மூச்சிளைப்பு. தீட்டிய பொம்மைக்கு மேலே ஸ்பிரே வார்னிஷ் அடிக்காவிட்டால் கை பட்டுப் பட்டு வண்ணம் தேய்ந்துவிடும். அந்த வாடை அவளுக்கு ஆகாது. அதனால் அடிப்பது அருணா, வாங்குகிறவர்களிடம் பேசுவதும் அருணா. ஒரு மாத உழைப்பின் கடைசி ஐந்து நிமிஷத்தை இன்னொருத்தி கையில் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதை நம்பிக்கை என்று உண்ணாமலை நினைத்ததுகூட இல்லை. நம்புகிறோம் என்ற நினைப்பு வருவதே அது ஆட்டம் காணும்போதுதான்.

இந்த வருஷம் திருச்சி டாக்டர் அமிர்தவல்லி முப்பத்திரண்டு பொம்மைகள் கொண்ட கல்யாண ஊர்வலம் கேட்டிருந்தார். தீட்டினவர் பேரை ஓர் அட்டையில் எழுதி கொலுவில் வைக்கப்போவதாகவும் அருணாவிடம் சொல்லியிருந்தார். உண்ணாமலையின் பேரை யாரும் எங்கும் எழுதி வைத்ததில்லை. அந்த அட்டைக்காகவே மாப்பிள்ளை வேட்டியின் ஜரிகையை மூன்று தரம் அழித்துத் தீட்டினாள்.

ஈரக்காற்றில் வார்னிஷ் அடித்தால் பொம்மை வெளுத்துவிடும். அதற்கு அவர்கள் வைத்திருந்த சோதனை கல் உப்பு. ஜாடிக்குள் கை விட்டால் உப்பு விரலில் ஒட்டக் கூடாது. அன்றைக்கு ஒட்டியது. அருணாவை ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு உண்ணாமலை கொடும்பாளூரில் ஒரு துக்கத்துக்குப் போனாள். திரும்பியபோது முப்பத்திரண்டும் சாம்பல் பூசினதுபோல நின்றன. மணப்பெண்ணுக்கு முகமே இல்லை.

"புதுக்கோட்டைக்கு அண்ணன் வீட்டுக்குப் போகணும்ல. அதுக்குள்ள முடிச்சுரலாம்னு அடிச்சுப்புட்டேன்க்கா" என்றாள் அருணா. டாக்டரிடம் பேசி நாலு நாள் தவணை வாங்கிவிட்டதாகவும் சொன்னாள்.

உண்ணாமலை திட்டவில்லை. அவசரம் யாருக்கும் வரும். உப்பு ஒட்டாத மூன்றாம் நாள், உச்சி வெயிலில், மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு தானே அடித்தாள். மெல்லிசாக இன்னொரு பூச்சு விழுந்ததும் வெளுப்பு இளகித் தெளிந்தது. முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அன்று முழுக்க அவளுக்கு நெஞ்சு இழுத்துக்கொண்டே இருந்தது.

அருணா புதுக்கோட்டையிலிருந்து இன்னும் வரவில்லை. மறுநாள் கொலு. உண்ணாமலை பொம்மைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திருச்சி பஸ் ஏறினாள்.

டாக்டர் ஒவ்வொரு பொம்மையாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அருமையா வந்திருக்குங்க. அருணா அனுப்பின போட்டோவைப் பாத்து பயந்துட்டேன். பழைய அம்மாவுக்குக் கண்ணு சரியில்ல, மட்டமான பெயிண்டை வாங்கி அடிச்சுட்டாங்க, அவங்கள நிறுத்திட்டு வேற ஆள் வெக்கிறேன்னு சொன்னாங்க. அந்த ஆள் நீங்கதானா?"

உண்ணாமலை நிமிர்ந்து பார்த்தாள். கொலுவின் மேல்படியில் போன வருஷத்து வளையல்காரியும் அதற்கு முந்தின வருஷத்துப் பூக்காரியும் நின்றார்கள்.

"அதெல்லாமும் நான் பண்ணதுதாங்க. அந்தப் பழைய ஆளும் நாந்தான்."

டாக்டர் சங்கடப்பட்டார். எதற்கும் கேட்டுவிடலாமே என்று அருணாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். உண்ணாமலை என்று ஒருவர் வந்திருக்கிறார், இத்தனை வருஷமாகத் தீட்டியதும் இவர்தானா என்று கேட்டார்.

"இல்லீங்க மேடம். அவங்க இப்பத்தான் புதுசா வந்தவங்க."

டாக்டர் போனை வைத்தார். உண்ணாமலையின் பேரை அழகான கையெழுத்தில் அட்டையில் எழுதி ஊர்வலத்தின் முன்னால் வைத்தார். மேல்படிக்கு அட்டை வைக்கவில்லை.

கீரனூர் பஸ்ஸில் வரும்போது அருணா நாலு தரம் கூப்பிட்டாள். ஐந்தாவது தரம் உண்ணாமலை எடுத்தாள்.

"அக்கா, திடுதிப்புன்னு கேட்டுட்டாங்க. வேற என்ன சொல்றதுன்னு எனக்கு ஓடலக்கா."

"பதினொரு வருஷமா என்னயத் தெரியும்னு சொல்லியிருக்கலாம் அருணா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.