ராட்டினத்துக்கு எடை கட்டும் மத்தியானம்

விருத்தாசலம், மாசிமகத் திடல். பதினாறு பெட்டி ராட்டினம் ஆளில்லாமல் சுற்றி ஓய்கிறது. மறுபடியும் அதே பச்சைப் பெட்டிதான் அடியில் வந்து நிற்கிறது!

"புதுப் பலக போட்டதுல பச்ச கனத்துடுச்சு. ஆள ஏத்துனா ஒரு பக்கமா இழுக்கும்," என்று வேடிக்கை பார்க்கும் என்னிடம் சொல்கிறார் ராட்டினக்காரர் காதர் பாய். "சாயங்காலத்துக்குள்ள சரியாவலன்னா குத்தகக்காரரு எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு சார்."

எதிர்ப் பெட்டியின் அடியில் ஒரு கோணியைக் கட்டுகிறார். உள்ளே, சூளையில் விரிசல் விட்டு ஒதுக்கிய மின்கம்பப் பீங்கான்கள்! பறக்கிற சந்தோஷத்துக்குள் இப்படியொரு தராசா? எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மீண்டும் சுற்றிவிடுகிறார். சிவப்பு அடியில் நிற்கிறது. அடுத்த முறை மஞ்சள்.

எந்த ஊரிலும் முதலில் ஏறுவது அவர் மனைவிதான். அது அவர்கள் வழக்கம்.

"ரெண்டு சுத்துல நம்பிட்டீங்களா? இன்னொரு வாட்டி வுடுங்க," என்கிறார் அந்த அம்மா. பாய் சுற்றிவிடுகிறார். நீலம் நிற்கிறது. அதில் ஏறி அமர்ந்தவர், என்னை மேலும் கீழும் பார்க்கிறார்.

"எதுத்தாப்புல ஆளு வேணுமே. அந்த சார ஏத்துங்க, எங் கனம் இருப்பாரு."

எதிர்ப் பெட்டி கீழே வந்ததும் ஏறுகிறேன். டீசல் இன்ஜின் உறுமுகிறது. ஒரு குலுக்கல்கூட இல்லை. உச்சியிலிருந்து பார்க்கிறேன்: வேடிக்கை பார்த்து நின்ற கூட்டம் வரிசையாகிக்கொண்டிருக்கிறது.