மழைக்கு எவ்வளவு காற்று

மழை பிடித்தால் எனக்கு இன்றும் மோட்டார் சைக்கிள் டயர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. எண்பதுகளில் தாராவியில் அண்ணன் குடும்பமும் நாங்களும் இருந்த ஒற்றை அறை வீட்டுக்கு ஒரே ஒரு வண்டி. என் அண்ணனும் என் கணவரும் சேர்ந்து வாங்கியது. காலையில் இவர் என்னை மாட்டுங்காவில் நான் வேலை பார்த்த தையல் கடையில் இறக்கிவிட்டு வருவார். அதற்குப் பிறகு வண்டி அண்ணனுக்கு. செம்பூர் வரை கடை கடையாகத் தோல் பைகள் கொண்டுபோய்க் கொடுப்பான்.

ஜூனில் முதல் மழை விழுந்ததும் கூத்து ஆரம்பமாகும். சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போதே அண்ணன் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவான். "காத்து கொறஞ்சாத்தாம்ட்டி டயரு ரோட்டப் புடிக்கும்" என்பான் என்னிடம். இவருக்கோ காற்று குறைந்தால் வண்டி நெளியும், வழுக்கும் என்று பயம். மறுநாள் காலை பெட்ரோல் பம்பில் நிறுத்தி மறுபடி ஏற்றுவார்.

இதை ஒருவரிடம் ஒருவர் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்ல மாட்டார்கள். மச்சானை எதிர்த்துப் பேசுவது இவருக்கு மரியாதை இல்லை, மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்வது அவனுக்கு முறை இல்லை. புகார் எல்லாம் என் காதுக்குத்தான் வரும். பின் சீட்டில் உட்கார்ந்து இடுப்பை ஒடித்துக்கொண்டவள் நான். என்னை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்போது நான் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தேன். டாக்டரம்மாவைப் பார்க்க வடாலா போன அன்று, இவர் அவசரத்தில் காற்று ஏற்றவில்லை. சாலைக்குக் குறுக்கே போகும் சரக்கு ரயில் தண்டவாளத்தில் பின் சக்கரம் நெளிந்து வண்டி சாய்ந்தது. இவர் காலை ஊன்றிப் பிடித்துவிட்டார். நான் நழுவிச் சேற்றில் உட்கார்ந்தேன். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொல்லும்வரை எனக்கு உயிரே இல்லை.

வீட்டுக்கு வந்து, இருந்த ஆத்திரத்தில் இரண்டு பேர் சொன்னதையும் இரண்டு பேருக்கும் முன்னால் போட்டு உடைத்தேன். அதற்குப் பிறகு அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நடுவில் ஒரு சேலைத் திரை மட்டுமே உள்ள வீட்டில் பேச்சு நின்றுபோனால் எப்படி இருக்கும்? குடும்பம் இரண்டாகிவிடும் என்றே நினைத்தேன்.

சில நாள் கழித்துக் காலையில் பார்த்தால், இவர் வண்டியருகே குந்தி உட்கார்ந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யுதிய?"

"மச்சான் எத்தன வருசமா வண்டி ஓட்டுதாவ. அவிய சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அன்று சாயங்காலம் அண்ணன் வந்து, "பம்புல நின்னு காத்து ஃபுல்லா அடிச்சுட்டேன்ட்டி. மாப்ள சொன்னதுதான் கரெக்ட்டு" என்றான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த நாட்கள் திரும்பக் கிடைக்குமென்றால் இடுப்பு வலியோடு சேர்த்தே வாங்கிக்கொள்வேன்.

செப்டம்பர் மழைக்கு இவரும் அண்ணனும் வீட்டிலேயே இருந்த ஒரு மத்தியானம் எனக்கு வலி கண்டது. அண்ணன் மனைவி ஓடிப்போய் டாக்சி பிடித்து வந்தாள். நானும் மதினியும் பின்னால் ஏறிக்கொண்டோம். முன்னால் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது.

"நீங்க ஏறுங்க மாப்ள."

"இல்ல மச்சான், நீங்க போங்க. நான் வண்டியில வாரேன்."

"அதெப்படி? நீங்கல்லா கூட இருக்கணும்."

மழை கொட்டுகிறது, எனக்கு உயிர் போகிறது, இவர்கள் கதவைப் பிடித்துக்கொண்டு உபசாரம் பண்ணுகிறார்கள். டாக்சிக்காரன் போதும் நிறுத்துங்கள் என்று இந்தியில், "அரே, பஸ் கரோ!" எனக் கத்திவிட்டு, கதவை இழுத்துச் சாத்திக் கிளப்பிவிட்டான்.

சயான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். இவர் ஓட்ட, பின்னால் அண்ணன் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ரெயின்கோட்கூட இல்லாமல் இரண்டு பேரும் நனைந்தபடி டாக்சியை விடாமல் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் ஒன்றாக அந்த வண்டியில் ஏறி அதுவரை நான் பார்த்ததே இல்லை.

"வாராவளா?" என்று கேட்டாள் மதினி.

"ரெண்டு பேரும் வாராவ மதினி" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.